கரிசலின் கருமை: கோவில்பட்டி வட்டாரத்து மண்ணும் குளிர்நாட்டுப் புல்வெளி மண்ணும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களிலும், அவற்றையொட்டி விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கங்களிலும், கிழக்கே கமுதி வரையிலும் பரவிக் கிடக்கும் கரிசல் நிலத்தைப் பாடநூல்கள் ஒரே வரியில் அறிமுகப்படுத்தி முடித்துவிடுவது வழக்கம்: எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை சிதைந்து உண்டான, வளம் மிகுந்த, பருத்திக்கு ஏற்ற கருப்பு மண். இவ்வரியில் பருத்தியைப் பற்றிய பகுதி சரியானது. பாறையைப் பற்றிய பகுதி கோவில்பட்டிக்குப் பொருந்தாது. வளத்தைப் பற்றிய பகுதியோ, எந்தப் பொருளில் வளம் என்று கேட்டுத் தெளிந்தாலொழிய ஏற்கவும் மறுக்கவும் இயலாதது.

கருப்பு மண் என்றாலே கொழுத்த மண் என்னும் எண்ணத்துக்கு உலகளாவிய வேர் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்திய நிலவியலை எழுதத் தலைப்பட்ட ஆங்கிலேயர், தக்காணத்துக் கருமண்ணை ‘ரேகூர்’ என்று குறித்து, அதை ருசியப் புல்வெளிகளின் ‘செர்னோசெம்’ என்னும் கருமண்ணோடு ஒப்பிட்டுப் பேசினர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தமையால் இரண்டுக்கும் ஒரே பிறப்பு வழி இருக்கக்கூடும் என்ற ஊகமும் உலவியது. ருசிய அறிஞர் வசீலி தொகுசாயேவ் 1883இல் தம் ‘ருசியச் செர்னோசெம்’ நூலை வெளியிட்டு, மண் என்பது வெறும் பாறைத்தூள் அன்று, தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகியவை கூடி உருவாக்கும் தனி இயற்கைப் பொருள் என்று நிறுவியதோடு நவீன மண்ணியல் தொடங்குகிறது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஒரே நிறமுடைய இவ்விரு மண்களுக்கும் பிறப்பு, இயல்பு, பயன் ஆகிய எதிலும் நெருங்கிய உறவு இல்லை என்பது விளங்கும்.

உக்ரைன், தென்ருசியா, கசக்ஸ்தான், அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்கள், கனடாவின் சஸ்காட்சுவான் ஆகிய இடங்களில் உள்ள புல்வெளி மண்கள் பெரும்பாலும் பனியுகக் காலத்தில் காற்று வாரிக்கொண்டு வந்து படியவிட்ட நுண்தூளின் மீதும் பனிப்பாளங்கள் விட்டுச்சென்ற படிவுகளின் மீதும் உருவானவை. அத்தூளின் துகள்கள் மணலைவிட நுண்ணியவை, களியைவிடப் பருத்தவை, 0.002 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை அளவுள்ள இவ்வகைத் துகளை மண்ணியலார் வண்டல் துகள் என்பர். அங்கே ஆண்டு மழை பல இடங்களில் 250 முதல் 500 மில்லிமீட்டர்தான். கோவில்பட்டியில் பெய்யும் மழையைவிட அது குறைவு. ஆயினும் இரண்டு இடங்களும் அரைவறண்டவை என்ற ஒரே வகுப்பில் சேர்வதற்குக் காரணம், வறட்சி என்பது பெய்யும் மழையை மட்டும் கொண்டு கணிக்கப்படாமல், பெய்ததில் எவ்வளவை வெயிலும் காற்றும் திருப்பி எடுத்துக்கொள்கின்றன என்பதையும் சேர்த்துக் கணிக்கப்படுவதே. குளிர்நாட்டில் ஆவியாவது குறைவு என்பதால் சிறு மழையும் புல்லுக்குப் போதுகிறது. அப்புல்லின் உடலில் பெரும்பங்கு மண்ணுக்குள் வேராக இருக்கிறது. ஆண்டுதோறும் அவ்வேரில் ஒரு பகுதி மடிந்து அங்கேயே மட்குகிறது. உறைபனிக் காலம் நுண்ணுயிர்களின் வேலையை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதால், மட்கியது முழுவதும் சிதைந்து காற்றில் கலந்துவிடாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. செர்னோசெமின் கருமை இப்படிச் சேர்ந்த மட்கின் கருமை. அதைவிட வறண்ட புல்வெளிகளில் புல் தணிந்து, மட்கு குறைந்து, மண் செம்பழுப்பாக வெளுக்கும் வகையைக் ‘கஸ்தனோசெம்’ என்பர். அங்கே நிறத்தைப் பார்த்து மட்கின் அளவைச் சொல்லலாம்; மட்கின் அளவைப் பார்த்து விளைச்சலையும் ஓரளவு சொல்லலாம்.

கரிசலில் இந்தக் கணக்கு செல்லாது. கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரிக் காடுகளின் மேல்மண்ணில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிலும் வேர்ச் சிதைவிலும் உள்ள கரியின் அளவு, பெரும்பாலும் அரை விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2022இல் வெளியிட்ட உலகக் கருமண் அறிக்கை, ஒரு மண் கருமண் எனப்படக் குளிர், மிதவெப்ப நாடுகளில் குறைந்தது 1.2 விழுக்காடும் வெப்ப நாடுகளில் 0.6 விழுக்காடும் அங்ககக் கரிமம் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அவ்வரையறையைக் கறாராகப் பிடித்தால் கரிசல் காட்டில் பெரும்பகுதி கருமண் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். தென்தமிழ்நாட்டு உழவர் எவரும் இதை நம்பப் போவதில்லை என்பது வேறு. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் மண்ணில், ஈரம் கிடைத்த அன்றே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுவதால், பருத்தி மாரும் சோளத்தட்டையும் விட்டுச்செல்லும் வேர்கள் சில பருவங்களுக்குள் எரிந்து தீர்ந்துவிடுகின்றன. அப்படியானால் இக்கருமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாகக் கேட்கப்படுகிறது. டைட்டானியம் கலந்த காந்த இரும்புத் தாதுவே காரணம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சாரார் கருதினர். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம், இருக்கும் கொஞ்ச மட்கும் சுண்ணாம்புச் சத்தின் துணையோடு மிக நுண்ணிய களித்துகள்மீது இறுகப் படிந்து, துகள் முழுவதையும் கருக்கச் செய்கிறது என்பதே. மட்கின் அளவைவிட அது படிந்திருக்கும் விதமே இங்கே நிறத்தைத் தருகிறது.

பாறை பற்றிய பிழைக்கு வரலாம். மகாராட்டிரத்திலும் மாளவத்திலும் கருமண்ணுக்குத் தாய்ப்பாறை தக்காண எரிமலைக் குழம்புதான். கோவில்பட்டியைச் சுற்றி அத்தகைய எரிமலைப் பாறை கிடையாது. கரிசலுக்கு அடியில் இருப்பவை நைஸ், சார்னோக்கைட் முதலிய மிகப் பழைய உருமாறிய பாறைகள். அதே பாறைகள் சற்று மேட்டு நிலத்தில் செவலைத் தந்திருக்கின்றன. ஒரே பாறையும் ஒரே மழையும் ஓரிடத்தில் செம்மண்ணையும் சில பர்லாங்கு தள்ளி கருமண்ணையும் தருவதற்கு நிலத்தின் சாய்வே காரணம். மேட்டில் விழுந்த மழை விரைவில் வடிந்து, பாறைச் சிதைவிலிருந்து கரைந்த சுண்ணாம்பு, மக்னீசியம், சிலிக்கா ஆகியவற்றை அடித்துக்கொண்டு போய்விட, எஞ்சிய இரும்பு துருவேறிச் செவல் சிவக்கிறது. தாழ்ந்த சமவெளியில் நீர் வடிவதற்கு வழி குறைவு. மேட்டிலிருந்து வந்த கரைசலும் அங்கேயே தேங்கி வற்றுகிறது. அப்படிச் சத்து தங்கிய, காரத்தன்மை மிகுந்த சூழலில்தான் ‘ஸ்மெக்டைட்’ என்னும் விரியும் களி உண்டாகும். கோவில்பட்டியிலிருந்து குருமலைப் பக்கம் போகிறவர்கள் செவலும் கரிசலும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம்; பழைய திருநெல்வேலிச் சீமையின் நிலவரிக் கணக்குகளும் கரிசல், செவல், வெப்பல், பொட்டல் என்று புஞ்சையைத் தனித்தனியே தரம் பிரித்திருந்தன.

இந்த விரியும் களியே கரிசலின் எல்லா இயல்புகளுக்கும் மூலம். மண்ணில் களியின் பங்கு பாதியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஸ்மெக்டைட் துகள் ஒவ்வொன்றும் புத்தகத்தின் தாள்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய ஏடுகளால் ஆனது. ஏடுகளுக்கு இடையே நீர் நுழைந்தால் அடுக்கு அகலும், நீர் வெளியேறினால் ஒடுங்கும். ஏடுகளின் உள்முகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் பரப்பு 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும். கண்மாயில் வெட்டியெடுத்த கரம்பையைத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கை அது இழுத்துக்கொள்வதற்கும் இந்தப் பரப்பே காரணம்.

சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் ஆள் உயரக் குழி ஒன்றை வெட்டி அதன் சுவரைப் பார்த்தால் மண்ணின் நடப்பு முழுவதும் தெரியும். மேலே இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கேழ்வரகு அளவிலான பொலபொலப்பான குருணை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து தானாகவே உதிர்ந்த இக்குருணை, அடியிலுள்ள ஈரத்தை வெயிலுக்குக் காட்டாமல் மூடி நிற்கிறது. அதற்குக் கீழே மண்வெட்டிக்கும் மசியாத கட்டிகள். கட்டிகளுக்கு இடையே மேலிருந்து இறங்கும் வெடிப்புகள், கை நுழையும் அகலத்தில் தொடங்கி, ஒடுங்கிக்கொண்டே இடுப்பளவு ஆழத்துக்கும் கீழே போகின்றன. அதற்கும் அடியில், மண் சாய்வான ஆப்பு வடிவங்களாகப் பிளந்திருக்கும்; ஒவ்வோர் ஆப்பின் முகமும் தேய்த்து மெருகிட்டதாய் மினுங்கும். கோடையில் மேல்மண் குருணை வெடிப்புக்குள் விழுந்து அடியை நிரப்புகிறது. மழையில் அடிமண் விரியும்போது, ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் விரிவதற்கு இடம் இல்லாமல் ஒரு பாளத்தை இன்னொரு பாளம் சாய்வாகத் தள்ளி உரசுகிறது. அந்த உரசலின் தடமே மினுமினுப்பு. இவ்வாறு தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் வகைக்கு உலக மண் வகைப்பாட்டில் ‘வெர்டிசால்’ என்று பெயர்; உலகில் சுமார் 33.5 கோடி எக்டேர் நிலம் இவ்வகையைச் சேர்ந்தது. குழியின் அடியில் வெண்ணிறச் சுண்ணாம்பு முடிச்சுகள் திரண்டிருக்கும். சுக்கான் என்று அழைக்கப்படும் இவை, மழைநீர் கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு மேற்கொண்டு இறங்க முடியாமல் நின்றுபோன எல்லையைக் காட்டுகின்றன.

மழை குறித்த ஒரு தோராயக் கணக்கு, கரிசலின் குணத்தை வேறெதையும்விடத் தெளிவாக்கும். நன்கு உலர்ந்த நிலத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கொள்ளலாம். வெடிப்பு வழியே ஓடியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அம்மழை மணற்பாங்கான செவலில் சாண் ஆழத்தை நெருங்கி இறங்கும். கரிசலில் நாலு விரற்கடையோடு நின்றுவிடும். அந்த நாலு விரற்கடையிலும் களி இறுகப் பிடித்துக்கொள்ளும் பங்கு, பெய்ததில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். அதைச் செடியின் வேர் உறிஞ்ச முடியாது. ஆகையால் சிறுமழைக்குச் செவல் பச்சை கட்டும்போது கரிசல் வெறும் புழுக்கத்தோடு நின்றுவிடுகிறது. பெருமழை பெய்தால் நிலைமை தலைகீழ். ஒரு மீட்டர் ஆழம் முழுக்க நனைந்த கரிசல், செடிக்குக் கொடுக்கக்கூடிய நீராக மட்டும் 150 மில்லிமீட்டருக்கு மேல் வைத்திருக்கும். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் குடிக்கும் பயிர், அதன்பின் ஒரு துளி மழை இல்லாமலும் ஐந்து வாரத்துக்கு மேல் தாங்கும். ஆழம் குறைந்த செவலில் அதில் பாதி நாள்கூடத் தேறாது. குளிர்நாட்டுப் புல்வெளி மண் மட்கைச் சேர்த்துவைக்கிறது என்றால், கரிசல் ஐப்பசி, கார்த்திகை மழையை மாசி, பங்குனி வரை சேர்த்துவைக்கிறது. கரிசலின் வளம் என்று ஊரார் சொல்வது உண்மையில் இந்த நீர்க் கையிருப்பைத்தான் என்று கொள்வதே பொருத்தம்.

இதைக் கருத்தில் கொண்டால் கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இம்மண்ணுக்கு ஏன் அப்படிப் பொருந்தியது என்பது விளங்கும். அதன் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கி, மேல்மண் காய்ந்த பிறகும் அடியீரத்தை எடுத்துக் காய் பிடிக்கச் செய்யும். நீண்ட இழை கொண்ட கம்போடியாப் பருத்தி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது கிணற்றுப் பாசனமுள்ள செவல் தோட்டங்களுக்குப் போனதே தவிர, கரிசலில் கருங்கண்ணியே நிலைத்தது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியதும், தூத்துக்குடித் துறைமுகமும் இருப்புப்பாதையும், பின்னாளில் பஞ்சாலைகளும் இப்பகுதியை உலகச் சந்தையோடு பிணைத்ததும் தனிக்கதை. அக்கதைக்கு முன்பே, விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் உழுகுடிகள் தெற்கே வந்து, ஆற்றுப் பாசன ஊர்களை விட்டு விலகியிருந்த இக்கருநிலத்தில் குடியேறியிருந்தனர். கருமண் வேளாண்மையை ஏற்கெனவே அறிந்தவர்களாகவே அவர்கள் வந்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர்கள் சுட்டியிருக்கின்றனர்.

கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பருத்தி, சோளம், கம்பு, பயறு வகைகளில் வெளியிட்ட இரகங்களால் அறியப்படுவது. எனினும் அதன் பெரும் பங்களிப்பு, விதைப்பின் நேரத்தைப் பற்றிய அறிவே என்று சொல்லத் தோன்றுகிறது. கரிசல் நனைந்தால் ஏர் இறங்காது, காலில் அப்பிக்கொண்டு நடக்கவும் விடாது, காய்ந்தால் கல், இரண்டுக்கும் இடையே உழவுக்கு ஏற்ற பதம் சில நாள்தான் நிற்கும். ஆண்டின் 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டும்போது, மழை பெய்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பவர் அந்தப் பதத்துக்காகக் காத்திருந்து முதல் மழையின் ஈரத்தை இழக்கிறார். ஆகவே மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிடும் முறையை நிலையம் பரிந்துரைத்தது. விதை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும். தூறலுக்கும் சிறுமழைக்கும் அந்த ஆழம் நனையாது. முளைத்த பயிர் நின்று பிடிக்கப் போதுமான மழை பெய்தால்தான் நனையும். சிறுமழையைக் கீழே விடாத மண்ணின் கஞ்சத்தனமே இங்கு விதைக்குக் காவலாகிறது. சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி விதைப்பதும், வயலைப் பகுதிப் பாத்திகளாகப் பிரித்து ஓடும் நீரை நிறுத்துவதும் இதே நோக்கத்தின் நீட்சிகள்.

சத்துக் கணக்கில் கரிசல் சீரற்றது. சாம்பல்சத்து தாராளம், சுண்ணாம்பும் மக்னீசியமும் அளவுக்கு மிஞ்சியவை, தழைச்சத்து மிகக் குறைவு, மணிச்சத்தைச் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடுகிறது, துத்தநாகம் காரத்தன்மையால் வேருக்கு எட்டுவதில்லை. நிலையத்தில் 1982 முதல் நடந்துவரும் நெடுங்கால உரச் சோதனைகளில், தழைச்சத்து முழுவதையும் யூரியாவாக இடுவதைவிட, ஒரு பாதியைத் தொழுவுரமாக இடுவது விளைச்சலை நிலையாக வைத்திருப்பது தெரியவந்தது. தொழுவுரத்தின் வேலை சத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. மேல்மண் குருணையாக உதிர்வதற்கும், அடித்த மழையில் மண்ணின் துளைகள் அடைபடாமல் நீர் இறங்குவதற்கும் அதுவே உதவுகிறது. ஆனால் ஆடு, மாட்டுக் கிடையும் உழவு மாடும் அருகிவிட்ட ஊர்களில் தொழுவுரம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சோதனை வயலில் விடை இல்லை.

பயிருக்கு உதவும் அதே அசைவு வீட்டுக்குப் பகை. கரிசலில் சாதாரண ஆழத்துக்கு வானம் தோண்டிக் கட்டிய சுவர், சில கோடைக்குள் மூலைக்கு மூலை சாய்வாக வெடித்துவிடும். களியைத் தோண்டி எடுத்துவிட்டு மணலும் சரளையும் நிரப்பி அதன்மேல் கடைக்கால் போடுவது ஊர்க் கொத்தனாரின் வழி. அடிப்பகுதி குமிழாக அகன்ற தூண்களை, ஈரம் ஏறி இறங்கும் மண்டலத்துக்குக் கீழே நிறுத்துவது ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்த வழி.

மரத்தின் வேரையும் இம்மண் எளிதில் விட்டுவைப்பதில்லை. வெடிக்கும்போது இழுபட்டு அறுந்து, விரியும்போது நசுங்கி, இளமரங்கள் பல பிழைப்பதில்லை. மனிதர் உழுவதற்கு முன் இச்சமவெளிகளில் புல்லும் புதருமே மிகுந்திருக்கக்கூடும் என்று கருதுவதற்கு இது ஒரு காரணம். தீபகற்ப இந்தியாவின் புல்வகைகளை ஆராய்ந்தவர்களும் சமதளக் கருமண்ணுக்கு ‘டைக்காந்தியம்’ இனப் புற்களை உரியவையாகக் குறித்திருக்கின்றனர். ஆக, டகோட்டாவும் கோவில்பட்டியும் இரண்டுமே புல்லுக்கு உகந்தவை. அங்கே புல் மண்ணைக் கருக்கச் செய்தது, இங்கே மண் மரத்தைத் தடுத்துப் புல்லுக்கு இடம் விட்டது. தரிசாக விட்ட இடங்களை இன்று பிடித்துக்கொண்டிருப்பது சீமைக்கருவேல்.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பருத்தியும் கம்பும் சோளமும் நின்ற காடுகளில் மக்காச்சோளம் பெருகியிருக்கிறது. விலையும் கோழித்தீவனத் தேவையும் அதற்குக் காரணம். மண்ணின் பக்கமிருந்து பார்த்தால், தழைச்சத்தையும் நீரையும் விரைந்து கேட்கும் பயிர் அது. பூக்கும் தறுவாயில் மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் கருங்கண்ணியைப்போல ஆழத்தில் போய் ஈரம் தேடித் தப்பிக்க அதனால் முடிவதில்லை. பாரமான டிராக்டர்கள் ஈரம் அடங்குமுன் வயலில் இறங்கும்போது அடிமண் இறுகி, வெடிப்பால் மட்டுமே தானாக அவிழக்கூடிய பாளமாகிறது. உளிக்கலப்பையால் அதைக் கீறிவிட வேண்டியிருக்கிறது.

கண்மாய்களில் படிந்த வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2017இல் அனுமதி வழங்கியது முதல், கோடையில் டிராக்டர் டிராக்டராகக் கரம்பை வயலுக்குப் போகிறது. கரிசல் கண்மாயின் கரம்பையைக் கரிசல் காட்டிலேயே கொட்டுவதால் கிடைப்பது, மேலிருந்து அடித்துவரப்பட்ட கொஞ்சம் மட்கும் சத்தும்தான். களி அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அதே கரம்பை செவலில் விழுந்தால், மூன்று நாளில் வடிந்துபோகும் ஈரம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கக்கூடும். மேட்டுச் செவலுக்கு ஏற்றிச் செல்ல வண்டிச் சத்தம் கூடுதல் என்பதால், கண்மாய்க்கு அருகிலுள்ள கரிசல் காடுகளுக்கே அதில் பெரும்பகுதி போய்ச் சேருகிறது.